அளந்து பார்க்காமல் மாற்றாதீர்!
காரின் சிறு சுவிட்சும் நம் கைக்காசும்

தராசில் ஏற்றாமல் எந்தச் சரக்குக்கும் நாம் விலை சொல்வதில்லை. ஆனால் கார் பழுதானால் மட்டும், பட்டறையில் அளந்து பார்க்காமல் சொல்லும் தொகையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு வருகிறோம். பெருமுக்கல் மளிகைக் கடைக்காரர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கேட்டபோது, நம் வணிகர்கள் அனைவரும் இதை அறிய வேண்டும் என்று தோன்றியது.

திண்டிவனம் வழியாகச் சென்னைக்குக் கொள்முதலுக்குப் போய்வர அவர் ஒரு பழைய கார் வாங்கினார். அதில் க்ரூஸ் கன்ட்ரோல் உண்டு. ஆக்ஸிலேட்டரை மிதிக்காமலே, நாம் வைத்த வேகத்தில் வண்டி ஓடும் வசதி அது. கண்பார்வை இழந்த அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர் கண்டுபிடித்தது. 1958-ஆம் ஆண்டு க்ரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்தது.

ஒருநாள் அந்த வசதி வேலை செய்யவில்லை. "ஸ்டியரிங் சுவிட்ச் போய்விட்டது, செட்டோடு மாற்ற வேண்டும்" என்று ஒரு பட்டறையில் ஆயிரக்கணக்கில் தொகை சொன்னார்கள். யோசித்துச் சொல்வதாகத் திரும்பிவிட்டார். அன்று இரவு கடை வாசலில் வண்டியைப் பின்னுக்கு எடுத்தபோது கடைப் பையன், "மொதலாளி, பிரேக் மிதிச்சாலும் பின்னாடி லைட்டு எரியலையே!" என்றான். குற்றவாளி ஸ்டியரிங்கில் இல்லை. பிரேக் பெடலுக்கு மேலே இருந்த சிறு சுவிட்சில் இருந்தது. சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. அதற்குள் எத்தனை இரவு, பின்னால் லாரி வர, பிரேக் விளக்கில்லாமல் நெடுஞ்சாலையில் ஓட்டினாரோ!

காரணம் எளிது. பிரேக்கை மிதித்தவுடன் க்ரூஸ் கன்ட்ரோல் விடுபட வேண்டும். எனவே பிரேக் சுவிட்சின் சைகை கம்ப்யூட்டருக்குச் சரியாகக் கிடைக்காவிட்டால், பெரும்பாலான கார்களில் பாதுகாப்பு கருதி அந்த வசதியே நின்றுவிடும். ஆகவே இந்த வரிசையில் பாருங்கள்:

1. பிரேக்கை மிதித்து, விளக்கு எரிகிறதா என்று பின்னால் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். எரியாவிட்டால் ஃப்யூஸ், பிறகு பல்பு, பிறகு சுவிட்ச். சுவிட்சுக்கு 12 வோல்ட் வருகிறதா, மிதித்தால் மறுமுனைக்குப் போகிறதா என்று மல்டிமீட்டர் சொல்லிவிடும். கியர் வண்டியில் க்ளட்ச் சுவிட்சையும் சேர்த்துப் பாருங்கள்.

2. கனெக்டரைக் கழற்றிப் பின்களில் பச்சைப் பாசம் உள்ளதா என்று பாருங்கள். மரக்காணத்திலிருந்து உப்பு ஏற்றும் வண்டிகளுக்கும் கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டிகளுக்கும் இது முக்கியம். உப்பு ஈரம் பித்தளையை அரித்துவிடும்.

3. ஹார்ன் அடிக்கவில்லை, ஏர்பேக் எச்சரிக்கை விளக்கும் எரிகிறது என்றால், ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் ஒயர்ப் பட்டையில், அதாவது க்ளாக் ஸ்பிரிங்கில், சந்தேகம் கொள்ளுங்கள்.

4. கடைசியில்தான் ஸ்டியரிங் பொத்தான்கள். பல கார்களில் எல்லாப் பொத்தானுக்கும் ஒரே ஒயர். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு அளவு ரெசிஸ்டர். உள்ளே அழுக்கு சேர்ந்தால் அளவு மாறி, கம்ப்யூட்டர் தவறாகப் புரிந்துகொள்ளும். ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி ஓம் அளவை எடுத்து, கம்பெனிக் கையேட்டோடு ஒப்பிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. ஸ்டியரிங்கில் ஏர்பேக் இருப்பதால் அதை நாமே கழற்றக் கூடாது. பேட்டரியைத் துண்டித்துச் சற்று நேரம் காத்திருந்து, பழகிய மெக்கானிக்தான் கை வைக்க வேண்டும்.

சிறு சுவிட்சுதானே என்று அலட்சியம் வேண்டாம். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1999 முதல் 2009 வரை, க்ரூஸ் கன்ட்ரோலைத் துண்டிக்கும் ஒரு சுவிட்சுக்காக, ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைப் பல தவணைகளில் திரும்ப அழைத்தது. பிரேக் ஆயில் அந்தச் சுவிட்சின் மின்பகுதிக்குள் கசிந்து, அரித்து, சூடேறித் தீப்பிடித்தது. எந்நேரமும் பேட்டரி இணைப்பு இருந்ததால், எஞ்சினை அணைத்து நிறுத்தியிருந்த வண்டியும் எரிந்தது. கடை வாசலிலும் கிடங்கிலும் வண்டி நிறுத்தும் நாம் இதை மறக்கலாகாது. ஒயர் கருகும் வாசனை வந்தாலோ, ஒரே ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போனாலோ, பெரிய ஃப்யூஸ் போட்டுச் சமாளிக்காமல் உடனே காட்டுங்கள்.

இனி பட்டறைக்குப் போனால், "எதை மாற்ற வேண்டும்?" என்பதற்கு முன், "அளந்து பார்த்தீர்களா, எவ்வளவு காட்டியது?" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். நம் கடைக்கு வருபவர் தராசு முள்ளைப் பார்ப்பதில் நமக்கு என்ன வருத்தம்?