இணையப் படங்களின் நகல் பாதுகாப்பு

இணையப் படங்களின் நகல் பாதுகாப்பு என்பது இணையத்தில் வெளியிடப்படும் ஒளிப்படங்கள், ஓவியங்கள் முதலியவற்றை உரிமையாளரின் ஒப்புதலின்றிப் பிறர் படியெடுத்துப் பயன்படுத்துவதைத் தடுக்கவும், அவ்வாறு பயன்படுத்தினால் உரிமையை மெய்ப்பிக்கவும் மேற்கொள்ளப்படும் வழிமுறைகளைக் குறிக்கும். இவற்றுள் எதுவும் முழுமையான பூட்டு அன்று.

ஏன் முழுமையாகத் தடுக்க இயலாது

ஒரு பக்கத்தைத் திறந்ததும் உலாவி அதிலுள்ள படங்களை வழங்கியிலிருந்து தருவித்து, பயனரின் கருவியில் தற்காலிகமாகச் சேமித்து, அதன் பின்னரே திரையில் காட்டுகிறது. ஆகவே ஒரு படத்தைப் பார்ப்பதே அதன் படி ஒன்றைப் பெறுவதுதான். சில தளங்கள் சுட்டியின் வலச் சொடுக்கை முடக்குகின்றன; சில, படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத வெற்றுப் படம் ஒன்றை விரிக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்தாலோ, திரையை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலோ இந்தத் தடைகள் பயனற்றுப் போகும். நேர்மையான வாசகர் ஒரு சொல்லைக்கூடப் படியெடுக்க முடியாமல் எரிச்சலடைவதுதான் மிச்சம். படத்தை எடுக்க வந்தவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

படத்தின் அளவைக் குறைத்தல்

எளியதும் பெரிதும் பயன் தருவதும் இம்முறையே. நல்ல தெளிவான அச்சுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 படப்புள்ளிகள் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. ஏ4 தாள் முழுவதும் அச்சிட 2480 × 3508, அதாவது ஏறத்தாழ 87 இலட்சம் படப்புள்ளிகள் தேவை. 800 படப்புள்ளி அகலமுள்ள படத்தை அதே தெளிவில் அச்சிட்டால் அகலம் 6.8 செ.மீ. மட்டுமே இருக்கும், அஞ்சலட்டையில் பாதி. அதையே 15 அங்குல அகல நாட்காட்டிக்கு இழுத்தால் அங்குலத்திற்கு 53 புள்ளிகளே மிஞ்சும், படம் மங்கிவிடும். கைப்பேசித் திரையில் பார்ப்பவருக்கோ 800 புள்ளிகள் போதும். செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் சிறிய படத்தைப் பெரிதாக்குகின்றன என்பது உண்மை. ஆனால் இல்லாத நுணுக்கங்களை அவை ஊகித்தே நிரப்புகின்றன.

இம்முறையின் மற்றொரு பயன், முழு அளவுக் கோப்பு எடுத்தவரிடம் மட்டுமே இருப்பது. இக்கட்டுரையாளர் எடுத்த கோயில் குளப் படம் ஒன்று ஒரு நாட்காட்டியில் பெயரின்றி அச்சானது. கேட்டபோது "இது உங்கள் படம் என்பதற்கு என்ன சான்று?" என்றார்கள். வெட்டப்படாத மூலக் கோப்பையும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் காட்டிய பிறகே பேச்சு மாறியது.

நீர்க்குறி

வாட்டர்மார்க் எனப்படும் நீர்க்குறி, 13ஆம் நூற்றாண்டு இத்தாலியக் காகித ஆலைகளில் தாளுக்குள் பதித்த அடையாளத்திலிருந்து பெயர் பெற்றது. படத்தின் மூலையில் இடும் பெயரைக் கத்தரித்துவிடலாம். நடுவில் பெரிதாக இட்டால் படத்தின் அழகே கெடும். ஒரே குறியைப் பல படங்களில் ஒரே விதமாக இட்டால், அவற்றை ஒப்பிட்டுக் குறியைத் தானாகவே நீக்கிவிட முடியும் என 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் காட்டினர். ஒவ்வொரு படத்திலும் குறியின் வடிவத்தைச் சற்றே நெளித்து இட்டால் நீக்குவது கடினமாகும் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. கண்ணுக்குப் புலப்படாத எண்முறை நீர்க்குறிகளும் உண்டு; அவை திருட்டைத் தடுக்கா, பின்னர் அடையாளம் காட்டும்.

மீதரவு

எக்சிஃப், ஐபிடிசி ஆகிய மீதரவு முறைகளில் எடுத்தவர் பெயர், நாள், உரிமைக் குறிப்பு ஆகியவற்றைக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கலாம். ஆனால் வாட்சப்பில் படமாக அனுப்பினால் இவை நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் நிலைக்கும். கைப்பேசிப் படங்களில் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவும் பதிந்திருக்கக்கூடும். வீட்டிலும் பள்ளியிலும் எடுத்த குழந்தைகளின் படங்களை வெளியிடுமுன் அதை மட்டும் கட்டாயம் நீக்க வேண்டும்.

இந்தியச் சட்டம்

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்தவுடனேயே உரிமை பிறக்கிறது, பதிவு கட்டாயமில்லை. ஒளிப்படத்திற்கான பாதுகாப்பு, எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அதன் பின் அவர் இறந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும் ஆகும். பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி ஒன்று: கட்டணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஒளிப்படத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே. திருமணப் படத்தின் மூலையில் ஸ்டுடியோவின் பெயர் இருப்பதால் மட்டும் உரிமை ஸ்டுடியோவுக்குப் போய்விடாது.

2012ஆம் ஆண்டுத் திருத்தம் 65பி பிரிவைச் சேர்த்தது. உரிமை பற்றிய தகவலை அனுமதியின்றித் தெரிந்தே நீக்குவோருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பிறர் ஏற்றிய கோப்புகளைத் தாங்கும் இடைநிலைத் தளங்களுக்கு எழுத்து மூலம் முறையிட்டால், அவை 36 மணி நேரத்துக்குள் செயல்பட்டு 21 நாள்களுக்கு அணுகலைத் தடுக்க வேண்டும். அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் படம் மீண்டும் தோன்றலாம். அமெரிக்கத் தளங்களிடம் அந்நாட்டின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் மில்லினியம் காப்புரிமைச் சட்டத்தின் கீழ் நீக்கக் கோரிக்கை அனுப்பலாம்.

நகல்களைக் கண்டறிதல்

டின்ஐ, கூகுள் லென்ஸ் போன்றவற்றில் படத்தையே கொடுத்துத் தேடினால் அது வேறெங்கெல்லாம் உள்ளது எனத் தெரியும். கண்டவுடன் அப்பக்கத்தின் முகவரியையும் நாள் தெரியும்படியான ஸ்கிரீன்ஷாட்டையும் சேமித்துக்கொண்ட பிறகே கடிதம் எழுத வேண்டும்; கடிதம் போனதும் பக்கம் மறைந்துவிடுவது வழக்கம். பெயர் குறிப்பிட்டால் போதும் என நினைப்பவர்கள் தொடக்கத்திலேயே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடலாம். ஆனால் அவ்வாறு ஒருமுறை வழங்கிய உரிமத்தை, அதன்படி படத்தைப் பயன்படுத்தி வருபவரிடமிருந்து பின்னர் திரும்பப் பெற இயலாது.