மாரியோவை இன்றைக்கும் ஆடலாமா?

நெய்வேலி மெயின் பஜாரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து பிளாக்கில் இருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: "அண்ணா, உங்க செட் ஆளுங்க எல்லாரும் மாரியோ மாரியோன்னு உருகுறீங்களே, இப்ப எடுத்து ஆடினா அது நிஜமாவே நல்லா இருக்குமா? இல்ல, சின்ன வயசு ஞாபகம் மட்டும்தானா?" நல்ல கேள்வி. ஒரு டீயில் முடிகிற பதில் இல்லை என்பதால் இன்னொன்று சொன்னோம். அவரிடம் சொன்னதை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தையும் பெட்டியையும் பிரித்துக்கொள்ள வேண்டும். 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் வெளிவந்தது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர்கள் ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும். அது ஓடிய கருவி நிண்டெண்டோவின் ஃபேமிகாம். தொண்ணூறுகளில் நம் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல் கருவிகள். போலிக் கேசட்டைத் தடுக்கும் பூட்டுச் சிப் ஃபேமிகாமில் கிடையாது. அதனால் கருவியையும் கேசட்டையும் நகல் செய்வது எளிதாக இருந்தது. கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே அதே சில ஆட்டங்கள் வேறு வேறு எண்களில் திரும்பத் திரும்ப வரும். நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா உள்ளறையில் தூங்க, டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு ஆடிய பிள்ளைகள் இந்த டவுன்ஷிப்பில் நிறையப் பேர்.

ஜப்பானில் டிவி நொடிக்கு 60 படங்கள் காட்டும். நம் நாட்டின் பால் (PAL) ஒளிபரப்பு முறையில் 50 படங்கள்தான். மாரியோ ஆட்டமோ, ஒரு படத்துக்கு ஒரு கணக்கு என்று எழுதப்பட்டது. அதனால் பால் டிவிக்கென்று செய்த நகல் கருவியில் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடியது. மேலே 400-லிருந்து குறையும் கடிகாரமும் மெதுவாகக் குறைந்தது, பாட்டும் மெதுவாகப் போனது. எல்லாமே ஒரே அளவில் மெதுவானதால் எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை. இன்றைக்கு அசல் வேகத்தில் ஆடுகிறவர், "அப்ப நல்லா ஆடுவேனே, இப்ப கை வரலையே" என்று வருந்தினால், வயதின் மேல் பழி போடத் தேவையில்லை. அவர் அப்போது ஆடியது இதைவிட நிதானமான மாரியோ.

இன்னொரு குற்றவாளி இன்றைய டிவி. பழைய பிக்சர் டியூப் பெட்டி, சிக்னல் வரவரக் கோடு கோடாகத் திரையில் வரைந்துவிடும். எல்இடி டிவி ஒரு முழுப் படத்தை வாங்கி, மெருகேற்றி, பிறகு காட்டும். பார்க்கிறவருக்கு அந்தத் தாமதம் தெரியாது, ஆடுகிறவரின் கட்டைவிரலுக்குத் தெரியும். பள்ளத்தின் விளிம்பில் சரியாகத்தான் பட்டனை அழுத்தியிருப்பீர்கள், மாரியோ விழுந்துவிடுவார். டிவி அமைப்புகளில் 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிட்டு மறுபடி ஆடிப் பாருங்கள். சுரங்கத்தில் மேல்மண்ணை அகற்றிய பிறகுதான் பழுப்பு நிலக்கரி கண்ணில் படும். இந்த ஆட்டத்தின் தரத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

அகற்றிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது ஒரு குதி. 1981-இல் வந்த 'டாங்கி காங்' ஆட்டத்திலும் இதே மாரியோதான். ஆனால் அங்கே குதித்தால் குதித்ததுதான், காற்றில் திசை மாற்ற முடியாது. 1986-இல் வந்த 'காசில்வேனியா'விலும் அப்படியே. 'சூப்பர் மாரியோ'வில் பட்டனை லேசாகத் தட்டினால் சின்னக் குதி, அழுத்திப் பிடித்தால் பெரிய குதி. பட்டனைப் பிடித்திருக்கும்வரை மேலே ஏறும் மாரியோவைக் கீழே இழுக்கும் விசையை நிரல் குறைத்து வைக்கிறது, விட்டவுடன் கூட்டிவிடுகிறது. ஓடிவந்து குதித்தால் இன்னும் உயரம். காற்றில் இருக்கும்போதே கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே தள்ளலாம். ஆனால் ஓடி வந்த வேகம் சட்டென்று விடாது. உங்கள் விருப்பத்துக்கும் அவருடைய உடல் கனத்துக்கும் நடுவே இப்படி ஓர் இழுபறி. நாற்பது ஆண்டுகளில் திரை மாறிவிட்டது, கருவி மாறிவிட்டது. விரலுக்கும் பொம்மைக்கும் இடையே உள்ள இந்த உறவு மட்டும் பழசாகவில்லை. இந்த ஆட்டத்தை ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க இன்றும் உலகம் முழுக்கப் போட்டி போடுகிறார்கள் என்றால், அவர்கள் நம்பி இறங்குவது இந்தக் குதியின் துல்லியத்தை.

அடுத்து முதல் கட்டத்தைப் பாருங்கள். எழுத்தில் ஒரு விளக்கமும் இல்லை. மாரியோ இடது ஓரத்தில் நிற்கிறார், வலப்பக்கம் வெட்டவெளி. எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டாம். முறைத்துக்கொண்டு ஒரு பழுப்பு எதிரி வருகிறது. தொட்டால் ஓர் உயிர் போச்சு. ஆனால் ஆட்டம் தொடங்கிச் சில நொடிதான் ஆகியிருக்கிறது, பெரிய நஷ்டமில்லை. அதைத் தாண்டக் குதிக்கும்போது மேலே மின்னும் கேள்விக்குறிக் கட்டியில் தலை இடிக்கலாம். அடுத்த கட்டியிலிருந்து ஒரு காளான் வெளிவந்து வலப்பக்கம் நகர்ந்து, பச்சை பைப்பில் மோதி, நம்மை நோக்கியே திரும்பும். எதிரி என்று பயந்து குதித்தாலும் மேலே கட்டிகள் தடுக்கும், பெரும்பாலும் காளான் நம்மேல் பட்டுவிடும். பட்டதும் மாரியோ பெரிதாகிறார். காளான் நல்லது என்று கற்றாயிற்று.

கட்டத்தின் பின்பகுதியில் எதிரெதிரே இரண்டு படிக்கட்டுகள் வரும், நடுவில் இடைவெளி. முதல் ஜோடியில் தவறி விழுந்தால் கீழே தரை இருக்கும். கொஞ்ச தூரத்தில் அதே அமைப்பு மறுபடி வரும், இம்முறை நடுவில் தரை கிடையாது. அடிபடாமல் ஒருமுறை பழகவிட்டுப் பிறகுதான் தேர்வு வைக்கிறார்கள். நல்ல வாத்தியார் செய்கிற வேலை இது. இவ்வளவும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கம். இன்று வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படம்கூட அதைவிடப் பெரிது. இடத்தை மிச்சம் பிடிக்க, மேகத்துக்கு வரைந்த அதே படத்தைப் பச்சையாக்கிப் புதராக வைத்தார்கள்.

சரி, எது தாங்கவில்லை? மூன்று உயிர், சேமிக்கும் வசதி இல்லை, தோற்றால் முதலிலிருந்து. கோடை விடுமுறை முழுக்கக் கையில் இருந்த பிள்ளைக்கு அது சரி. வேலைக்குப் போய் வருகிறவருக்கு நியாயமில்லை. தலைப்புத் திரையில் ஏ பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் அழுத்தினால், கடைசியாகத் தோற்ற உலகத்தின் முதல் கட்டத்திலிருந்து தொடரலாம். இந்த வழி ஆட்டத்திலேயே உண்டு. ஆட்டம் அதைச் சொல்லாது. சொல்லாமல் விட்டது ஒரு குறைதான். திரை பின்னால் நகராது, விட்டதை எடுக்கப் போக முடியாது. 4-4, 7-4 (முதல் எண் உலகம், அடுத்தது கட்டம்) கோட்டைகளில் சரியான பாதையில் போகாவிட்டால் வந்த இடமே திரும்ப வரும், எந்தப் பாதை சரி என்பதற்குத் துப்பு கிடைக்காது. பிற்பாதியில் சரக்கும் குறைகிறது. 5-3 என்பது 1-3 தான். பலகைகளைக் குட்டையாக்கி, குண்டுகளைப் பறக்கவிட்டிருக்கிறார்கள். 2018-இல் வந்த 'செலஸ்ட்' போன்ற ஆட்டங்களில், விளிம்பைத் தாண்டிக் கணநேரம் ஆன பிறகும் குதி பட்டனை ஏற்றுக்கொள்ளும் கருணை உண்டு. அதில் பழகியவருக்கு மாரியோ கறாரானவராகத் தெரிவார்.

ஆகவே அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில் இது: தாராளமாக ஆடுங்கள். நிண்டெண்டோ ஸ்விட்சின் சந்தா சேவையில் இந்த ஆட்டம் இருக்கிறது. நின்ற இடத்தில் சேமிக்கலாம், தோற்றால் பின்னோக்கியும் ஓட்டலாம். சேமிப்பைத் தயங்காமல் பயன்படுத்துங்கள், உங்கள் நேரத்தை மதிக்காத பகுதியை அது சரிசெய்துவிடும். பின்னோக்கி ஓட்டுவதை மட்டும் தொடாதீர்கள். தப்பின் விலையை நீக்கிவிட்டால் ஒவ்வொரு குதியும் வெறும் பட்டன் தட்டல் ஆகிவிடும், கை எதையும் கற்காது. முதல் நான்கு உலகங்களை இப்படி ஆடிப் பாருங்கள். அதற்குள் பிடிக்கவில்லையென்றால் மீதி நான்கும் பிடிக்காது, நிறுத்திவிடலாம். பிடித்துவிட்டால், அதற்குச் சின்ன வயசு ஞாபகம் காரணமாக இருக்க முடியாது. உங்களுக்குத்தான் அந்த ஞாபகமே கிடையாதே.