குழந்தையின் காயம் குறித்து ஏன் இத்தனை கேள்விகள்?

கைமுறிவுடன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பெற்றோரிடம், "எப்போது விழுந்தது? அருகில் யார் இருந்தார்கள்?" என்று மருத்துவர் விரிவாகக் கேட்கும்போது, "எங்கள்மீதே ஐயமா?" எனச் சிலர் மனம் வருந்துவதுண்டு. இக்கேள்விகள் எவரையும் குற்றஞ்சாட்டுவதற்கு அல்ல. தன் துன்பத்தைச் சொல்ல இயலாத குழந்தை ஒன்றுகூடக் கவனத்திலிருந்து தப்பிவிடலாகாது என்பதற்கே.

எவை கவனிக்கப்படுகின்றன?

தவழத் தொடங்காத குழந்தையின் உடலில் கன்றல், சொல்லப்படும் காரணத்திற்குப் பொருந்தாத முறிவு, காரணமின்றித் தாமதமாக அழைத்துவருதல் ஆகியவை கவனத்திற்குரியவை. இவற்றுள் எதுவும் தனித்து நின்று குற்றத்தை மெய்ப்பிப்பதில்லை. இரத்தம் உறைவதில் குறைபாடு, எலும்பின் வலுக்குறைவு ஆகியவற்றாலும் இவ்வாறு நேரலாம். ஆதலால் அவற்றுக்கான பரிசோதனைகளும் செய்யப்பட வேண்டும்.

எவ்வாறு எழுதப்படுகிறது?

காயத்தின் இடம், அளவு, நிறம் ஆகியன உடல் வரைபடத்தில் குறிக்கப்படும். நாள், நேரம், உடனிருந்தோர் விவரமும் இடம்பெறும். குழந்தை கூறியது அதன் சொற்களிலேயே எழுதப்பட வேண்டும். "மாமா அடிச்சாரு" என்பதை "உறவினர் தாக்கினார்" என மாற்றுவது பிழை. குழந்தையின் நாவில் 'மாமா' என்பவர் தாய்மாமனாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டாராகவும் இருக்கலாம். கண்டது, கேட்டது, மருத்துவரின் கருத்து ஆகிய மூன்றும் தனித்தனியே பதிவாதல் வேண்டும்.

சட்டம் கூறுவது என்ன?

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவர்மீது பாலியல் குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மருத்துவரும் இதற்கு விலக்கல்லர். தவறினால் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். எனவே, "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று குடும்பத்தார் வேண்டினாலும் மருத்துவர் அதற்கு இணங்க இயலாது. நல்லெண்ணத்துடன் தகவல் அளித்தவர்மீது வழக்குத் தொடர முடியாது.

வழக்குப் பதிவாகும் முன்னரே சிகிச்சை தொடங்கலாம். சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிப்பார். பெற்றோரோ, குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருப்பர். குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி முதலிய அடையாளங்களை ஊடகங்கள் வெளியிடுவதும் தடைசெய்யப்பட்டுள்ளது.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

குழந்தை சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். "உன்மேல் தவறில்லை" என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள். பாலியல் வன்முறை நிகழ்ந்திருப்பின், குளிப்பாட்டாமலும் உடைகளைத் துவைக்காமலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். உதவிக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

அடுத்த முறை மருத்துவர் கேள்வி கேட்கையில், அறிந்ததை அறிந்தவாறே கூறுங்கள். அந்தப் பதிவே உங்கள் குழந்தைக்குக் காவலாகலாம்.