கேஸ் தீர்வதில்லை (வீட்டு இயந்திரங்கள் - 6: ஃபிரிட்ஜ்)

ஃபிரிட்ஜ் குளிராமல் போனதும் "கேஸ் தீர்ந்திருக்கும்" என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. சமையல் சிலிண்டரின் கேஸ் எரிந்து தீரும். ஃபிரிட்ஜில் இருக்கும் கேஸ் எரிவதுமில்லை, செலவாவதுமில்லை. பற்றவைத்து மூடிய குழாய்களுக்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. தொழிற்சாலையில் அடைத்த கேஸோடு இருபது ஆண்டு ஓடுகிற ஃபிரிட்ஜுகள் உண்டு. குழாயில் எங்காவது ஓட்டை விழுந்தால்தான் அதன் அளவு குறையும். மின்சாரம், காற்றோட்டம், கதவு ரப்பர், பனி உருக்கும் அமைப்பு ஆகியவற்றில் வரும் கோளாறுகள் பலவற்றுக்குக் குழாயைத் தொடவே வேண்டியதில்லை. அவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகே கேஸ் என்ற முடிவுக்கு வர வேண்டும்.

கேஸ் சுற்றும் பாதை தெரிந்தால் கோளாறின் இடம் பிடிபடும். பின்புறம் அடியில் இருக்கும் கம்ப்ரசர் ஆவியை உறிஞ்சி அழுத்துகிறது. அழுத்தத்தில் சூடேறிய ஆவி கன்டென்சர் குழாய்களில் ஓடி, வெப்பத்தை அறைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. பிறகு ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர் ஃபில்டரைக் கடந்து, உள்விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கேப்பிலரி குழாய்க்குள் நுழைகிறது. அதன் மறுமுனையில், ஃப்ரீசரில் உள்ள எவாப்பரேட்டரில் அழுத்தம் சட்டென்று குறைவதால் திரவம் கொதித்து ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தை ஃபிரிட்ஜின் உள்ளிருந்து இழுத்துக்கொள்கிறது. பழைய மாடல்களில் கன்டென்சர் முதுகுப்புறம் கறுப்புக் கம்பி வலையாகத் தெரியும். புதிய மாடல்கள் பலவற்றில் பக்கச் சுவர்களுக்குள் புதைந்திருக்கும். அவற்றில் பக்கங்கள் சுடுவது கோளாறு அல்ல.

சோதனை விளக்கில் தொடங்குகிறது. கதவைத் திறந்தும் விளக்கு எரியாவிட்டால் முதலில் ப்ளக், சாக்கெட், ஸ்டெபிலைசர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்தும் கம்ப்ரசர் ஓடவில்லை என்றால், தெர்மோஸ்டாட் திருகு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃப்ராஸ்ட்-ஃப்ரீ மாடலாக இருந்தால் அரை மணி நேரம் பொறுத்திருப்பதும் நல்லது. பனி உருகும் நேரத்தில் கம்ப்ரசர் தானாகவே நின்றிருக்கும். அணைத்து உடனே போடுவது கெடுதல். கம்ப்ரசரின் இரு பக்கமும் அழுத்தம் சமமாக ஐந்து நிமிடமாவது ஆகும். அதற்கு முன் மின்சாரம் வந்தால் அது கிளம்ப முடியாமல் திணறும். ஸ்டெபிலைசர்களில் தாமத வசதி வைத்திருப்பது இதற்காகத்தான்.

சில விநாடி உறுமல், பிறகு 'டிக்', சில நிமிடம் கழித்து மறுபடி உறுமல், மறுபடி 'டிக்' என்று கேட்டால், கம்ப்ரசர் கிளம்ப முயன்று தோற்கிறது, ஓவர்லோடு என்னும் காப்பு மின்சாரத்தைத் துண்டிக்கிறது என்று பொருள். கோடைகால மாலைகளில் மட்டும் இப்படி நடந்தால் குறைந்த வோல்டேஜைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எல்லா நேரத்திலும் நடந்தால், ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்ரசரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, அதைக் கிளப்பிவிடும் ரிலேவைப் பார்க்க வேண்டும். பிடிசி வகை ரிலேக்குள் பீங்கான் போன்ற ஒரு வில்லை இருக்கும். குலுக்கும்போது கலகலவென்று ஒலித்தால் அது உடைந்திருக்கிறது. பழைய காந்த ரிலேயில் அப்படி ஒலிப்பது இயல்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கம்ப்ரசரோடு ஒப்பிட்டால் ரிலேயின் விலை மிகச் சொற்பம். அதை மாற்றிப் பார்க்காமலே கம்ப்ரசரைப் பழிப்பது நியாயமில்லை.

கம்ப்ரசரின் மூன்று ஊசிகளையும் மல்டிமீட்டரால் அளக்கலாம். சாதாரணக் கம்ப்ரசரில், மிக அதிகமாகக் காட்டும் மின்தடை மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். எந்த ஊசிக்கும் இரும்பு உடலுக்கும் இடையே தொடர்பு காட்டவே கூடாது. காட்டினால் உள்ளே சுருள் உடலைத் தொட்டிருக்கிறது. அந்த ஃபிரிட்ஜை மறுபடி ப்ளக்கில் செருகுவது உயிருக்கு ஆபத்து. இன்வெர்ட்டர் கம்ப்ரசரில் மூன்று அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அதை இயக்குவது எலெக்ட்ரானிக் போர்டு. 230 வோல்டை நேரடியாகக் கொடுத்துச் சோதித்தால் நன்றாக இருந்ததும் கெட்டுவிடும்.

கம்ப்ரசர் ஓயாமல் ஓடியும் குளிர் போதவில்லை என்றால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் இருக்கலாம், அல்லது வெளியிலிருந்து உள்ளே வரலாம். முதுகுப்புறக் கன்டென்சரில் தூசி படிந்திருந்தாலும், ஃபிரிட்ஜ் சுவரை ஒட்டி நின்றாலும் முதல் தொல்லை. கதவு ரப்பர் தளர்ந்திருந்தால் இரண்டாவது. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் இறுக்கமாக வர வேண்டும்; கதவைச் சுற்றிலும் பல இடங்களில் இப்படிப் பார்க்க வேண்டும். நெளிந்த ரப்பரை வெந்நீர்த் துணியால் ஒற்றி நேராக்கலாம், கிழிந்ததை மாற்றத்தான் வேண்டும். கதவை மூடிய பிறகும் அணையாத விளக்கு உள்ளே ஓயாமல் வெப்பம் தரும். கதவு ஸ்விட்சை விரலால் அழுத்தினால் விளக்கு அணைகிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை.

இரட்டைக் கதவு ஃப்ராஸ்ட்-ஃப்ரீ ஃபிரிட்ஜில் மேலே ஐஸ் உறைகிறது, கீழே மாவு புளிக்கிறது என்பது தனியாகப் பார்க்க வேண்டிய கோளாறு. தவறாகக் கேஸ் நிரப்பப்படுவதும் இதற்குத்தான் அதிகம். இந்த மாடல்களில் எவாப்பரேட்டர் ஃப்ரீசரின் பின்பலகைக்குள் மறைந்திருக்கிறது. ஒரு சிறு ஃபேன் அதன் குளிர்காற்றை மேலேயும் கீழேயும் தள்ளுகிறது. எவாப்பரேட்டரில் படியும் பனியை உருக்க, டைமர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரசரை நிறுத்தி ஒரு ஹீட்டரை இயக்கும். போதுமான சூடு வந்ததும் பைமெட்டல் என்னும் ஸ்விட்ச் ஹீட்டரை நிறுத்தும். அதையும் மீறிச் சூடேறினால் தெர்மல் ஃபியூஸ் அறுந்து காப்பாற்றும். இந்த நான்கில் ஒன்று செத்தாலும் பனி உருகாமல் சேர்ந்து, காற்று போகும் வழியை அடைத்துவிடும். ஃப்ரீசர் சில நாள் தாக்குப்பிடிக்கும், கீழ்ப்பகுதி முதலில் சூடாகும். கேஸ் குறைந்திருந்தால் ஃப்ரீசரும் சேர்ந்தே தளரும். வேறுபாடு இதில்தான் இருக்கிறது.

உறுதிசெய்ய, ஃபிரிட்ஜைக் காலி செய்து, அணைத்து, கதவுகளைத் திறந்து 24 மணி நேரம் விட வேண்டும். மறுபடி போட்டதும் நன்றாகக் குளிர்ந்து, சில நாளில் அல்லது ஓரிரு வாரத்தில் பழைய கதை திரும்பினால் குற்றம் பனி உருக்கும் அமைப்பில்தான். அப்போது ஹீட்டர், ஃபியூஸ் ஆகியவற்றில் மின்தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும். பைமெட்டலைக் குளிர்ந்த நிலையில்தான் சோதிக்க வேண்டும். அறை வெப்பத்தில் அது தொடர்பு காட்டாது. பனியே இல்லாமல் கீழே சூடாக இருந்தால் ஃபேன் மோட்டாரைப் பார்க்க வேண்டும். கதவைத் திறந்தால் ஃபேன் நிற்கும் மாடல்களில் ஸ்விட்சை அழுத்திப் பிடித்துக் காது கொடுத்தால் அது ஓடுகிறதா என்பது தெரிந்துவிடும்.

காய்கறிப் பெட்டிக்கடியில் தண்ணீர் தேங்குவது பெரும்பாலும் வடிகுழாய் அடைப்பு. வெதுவெதுப்பான நீரை ஊற்றி, முனை மழுங்கிய வளையும் கம்பியால் மெல்லக் குத்திவிட்டால் போதும். கம்ப்ரசர் மேலுள்ள தட்டு விரிசல் விட்டிருந்தால் தண்ணீர் தரையில் ஒழுகும். மழைக்காலத்தில் கதவோரம் வியர்ப்பது இயல்பு.

இனி உண்மையான கேஸ் கசிவு. கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். ஆனால் கன்டென்சர் சூடேறாது. எவாப்பரேட்டரின் தொடக்கத்தில் மட்டும் பனி படிந்து, மீதி வெறுமையாக இருக்கும். குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியலாம். ஒற்றைக் கதவு மாடல்களில், ஒட்டிக்கொண்ட பாத்திரத்தை எடுக்கக் கத்தியால் குத்துவது இதற்குப் பெரிய காரணம். 'புஸ்' என்று சத்தம் வந்தால் அந்தக் கணமே ப்ளக்கைப் பிடுங்க வேண்டும், ஜன்னலைத் திறக்க வேண்டும். கம்ப்ரசரை ஓடவிட்டால் ஓட்டை வழியாக ஈரக்காற்றையும் உறிஞ்சி முழுச் சுற்றையும் கெடுத்துக்கொள்ளும்.

ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கையின் விளைவாக ஆர்-12 கேஸ் விலக்கப்பட்டது. அதன் இடத்துக்கு ஆர்-134ஏ வந்தது. இன்று புதிய ஃபிரிட்ஜுகளில் பெரும்பாலும் ஆர்-600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன். அது தீப்பற்றக்கூடியது; சமையல் கேஸில் உள்ள பியூட்டேனின் உறவு. வாசனை இல்லாததால் கசிவு மூக்குக்குத் தெரியாது. எந்த கேஸ் என்பது கம்ப்ரசரின் மேலுள்ள லேபிளில் அச்சிட்டிருக்கும். குழாய்க்குள் ஆர்-600ஏ இருக்கும்போது அருகில் நெருப்பே கூடாது. ஆர்-134ஏக்கென்று செய்த ஃபிரிட்ஜில் இதை நிரப்புவதும் தவறு. அதன் ஸ்விட்சுகளும் ரிலேயும் தீப்பொறி விடலாம்.

முறையான பழுதுபார்ப்புக்கு வரிசை உண்டு. நைட்ரஜன் அழுத்தத்தில் சோப்பு நீர் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து அடைப்பது முதல் வேலை. பிறகு ட்ரையர் ஃபில்டரைப் புதிதாக மாற்றி, வாக்யூம் பம்ப்பால் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, லேபிளில் உள்ள எடைக்கு கேஸை நிறுத்து நிரப்ப வேண்டும். ஆர்-600ஏ பல வீட்டு ஃபிரிட்ஜுகளில் நூறு கிராம்கூட வராது. சில கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சி கெடும். தராசும் வாக்யூம் பம்ப்பும் இல்லாமல் வருபவர் ஓட்டையை அடைக்காமலே கேஸை ஏற்றினால், அது சில வாரங்களில் அதே ஓட்டை வழியாக வெளியேறும். வேலை முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை நிறுத்தி நடுத்தட்டில் ஓர் இரவு வைக்க வேண்டும். காலையில் அது 4 டிகிரி செல்சியஸை ஒட்டிக் காட்ட வேண்டும்; இரட்டைக் கதவு மாடலின் ஃப்ரீசர் மைனஸ் 18ஐ ஒட்டி இருக்க வேண்டும்.