கண்மணியில் வெள்ளை ஒளி: பரம்பரையில் தொடரும் ஒரு கண் புற்றுநோய்

பிளாஷ் போட்டுப் படம் எடுக்கும்போது பிள்ளைகளின் கண்மணி சிவப்பாகத் தெரிவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதற்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ, பிள்ளைக்கு மாறுகண் ஏற்பட்டாலோ தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இதற்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் ரெட்டினோபிளாஸ்டோமா எனப்படும் விழித்திரைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இது இருக்கலாம்.

இது அரிய நோய். ஏறத்தாழ 15,000 முதல் 20,000 வரையான பிறப்புகளில் ஒரு பிள்ளைக்கு வருகிறது. பெரும்பாலும் 5 வயதுக்கு முன்பே தோன்றிவிடும். ஆர்.பி.1 என்ற மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக உள்ளது. விழித்திரைக் கலம் ஒன்றில் இரண்டுமே பழுதடைந்தால் புற்றுநோய் தொடங்குகிறது. இதை 1971இல் அமெரிக்க வைத்தியர் அல்பிரட் நட்சன் கணித்துச் சொன்னார். மரபணு 1986இல் கண்டறியப்பட்டது.

நோயுற்ற பிள்ளைகளில் சுமார் 40 வீதமானோர், ஒரு பிரதி பழுதடைந்த நிலையிலேயே பிறக்கிறார்கள். இவர்களில் பலருக்குக் குடும்பத்தில் முன்னர் யாருக்கும் இந்நோய் இருந்ததில்லை. ஆனால் இவர்கள் வளர்ந்து பெற்றோராகும்போது, ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பழுது போய்ச்சேர 50 வீத வாய்ப்பு உண்டு. ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. தாய் கர்ப்ப காலத்தில் உண்டதாலோ, நாவூறு பட்டதாலோ இது வருவதில்லை.

நம்மவரிடையே இப்படியான நோய்களை மூடி மறைக்கும் பழக்கம் இருக்கிறது. "வெளியில் தெரிந்தால் பிள்ளைகளின் கல்யாணம் குழம்பிவிடும்" என்று அஞ்சுகிறோம். அண்ணா கனடாவில், அக்கா ஜேர்மனியில், தம்பி ஊரில் என்று சிதறி வாழும் நமக்கு, சின்ன வயதில் மாமா ஒருவருக்கு ஏன் கண் எடுத்தார்கள் என்பதே தெரியாமல் போகிறது. அந்த மௌனத்தின் விலை ஒரு குழந்தையின் பார்வையாக, சில வேளை உயிராகவும் இருக்கலாம்.

குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் இருந்திருந்தால், குழந்தை பிறக்கும் முன்பே வைத்தியரிடம் சொல்லுங்கள். நோயுற்றவரின் மரபணுப் பழுது அறியப்பட்டிருந்தால், அது குழந்தைக்கு உண்டா என்பதை இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். இல்லையென்றால் மயக்க மருந்து கொடுத்துத் திரும்பத் திரும்பக் கண் பார்க்க வேண்டியதில்லை. உண்டென்றால், பிறந்த நாட்களிலிருந்தே கண்காணித்து, கட்டி சிறிதாக இருக்கும்போதே லேசர், குளிர் சிகிச்சை போன்றவற்றால் அழிக்கலாம். வசதியுள்ள நாடுகளில் 95 வீதத்துக்கும் அதிகமான பிள்ளைகள் உயிர் பிழைக்கிறார்கள்.

பரம்பரை வகையிலிருந்து மீண்டவர்களுக்கு எலும்புப் புற்றுநோய் போன்ற வேறு புற்றுநோய்கள் பிற்காலத்தில் வரும் வாய்ப்பும் கூடுதல். எனவே பெரியவர்களான பின்பும் தமக்கு இருந்த நோயை ஒவ்வொரு வைத்தியரிடமும் சொல்ல வேண்டும். கூடப்பிறந்தவர்களுக்கும் இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.