உங்களுக்குத் தெரியுமா? பூ தின்னும் கோழி, பொன்னிறக் கரு

முட்டையின் மஞ்சள் கருவுக்கு நிறம் தருவது கோழி தின்ற தீவனம்தான். அந்த நிறமியைக் கோழியின் உடல் தானே உண்டாக்காது. தீவனத்தில் மக்காச்சோளம் குறைந்து குருணை அரிசி கூடினால் கரு வெளுத்துப்போகும்.

அப்போது கைகொடுப்பது செண்டுமல்லி. அதன் இதழ்களில் லூட்டின் நிறமி ஏராளம். காயவைத்துப் பொடித்தோ, சாறெடுத்தோ தீவனத்தில் கலந்தால் சில நாட்களில் கரு பொன்னிறமாகிவிடும். கொஞ்சம் சிவப்பும் வேண்டுமா? மிளகாய்! கோழிக்கு எரியாதா என்று பதற வேண்டாம். நம் வாயில் காரத்தை உணர்த்தும் நரம்பு ஏற்பி பறவைகளிடமும் உண்டு. ஆனால் மிளகாயின் கேப்சைசின் அதைத் தூண்டுவதில்லை. நமக்குக் கண்ணீர் வரவழைக்கும் மிளகாயைக் கோழி சாவகாசமாகக் கொத்தும்.

தீவனத்தில் தாவரப் பொருள்களைச் சேர்ப்பது நிறத்துக்காக மட்டுமல்ல. 2006 ஜனவரி 1 முதல், வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழிகளுக்கும் உணவுக்காக வளர்க்கும் பிற விலங்குகளுக்கும் தருவதை இந்தியா 2019-ல் தடைசெய்தது. பூண்டு, ஓரிகானோ போன்றவற்றின் பக்கம் தீவனத் துறை திரும்ப இத்தகைய தடைகளும் ஒரு காரணம்.

கருவின் நிறத்தை ஒப்பிட வண்ண விசிறியே இருக்கிறது. வெளிர்மஞ்சளில் தொடங்கி அடர் ஆரஞ்சு வரை எண்ணிட்ட பட்டைகள். உடைத்த முட்டைக்குப் பக்கத்தில் விரித்துப் பிடித்து, பொருந்தும் பட்டையின் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள்.