பனிக்கடியில் கேரட்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்தில் ஜனவரி என்றால் முழங்காலளவு பனி. அந்தப் பனியை ஒதுக்கிவிட்டு, தரையோடு தரையாகக் கிடக்கும் மரப்பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கினால், உள்ளே பாலக் கீரை பச்சைப்பசேலென்று நிற்கிறது. ஹீட்டர் இல்லை. பெட்டிக்கு அடிப்பலகையும் இல்லை. மூடிக்குப் பழைய ஜன்னல் ஒன்று போதும்.

இந்த வித்தையைப் பரப்பியவர் எலியட் கோல்மன். 1968-ல் மெய்னின் ஹார்பர்சைடில் குடியேறியவர், உலக வரைபடத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். தன் நிலம் இருப்பது ஏறத்தாழ 44 பாகை வடக்கில். அதே கோட்டில் கிழக்கே போனால் தென் பிரான்ஸ். அங்கே குளிர்காலம் முழுக்கத் தோட்டத்தில் கீரை பறிக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் பகல் நீளம் ஒன்றுதான். கடற்காற்று அங்கே குளிரைத் தணிக்கிறது, அவ்வளவே. அப்படியானால் குளிரைக் கொஞ்சம் மழுக்கினால் போதாதா? பசுமைக்குடிலுக்குள் பாத்தி, பாத்திக்கு மேல் மெல்லிய துணி என இரண்டு போர்வை போட்டார். ஒவ்வொரு போர்வையும் தோட்டத்தைச் சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்துகிறது என்பது அவர் கணக்கு.

போர்வையால் வெளிச்சத்தைக் கூட்ட முடியாது. பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே போனால் செடியின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மெய்னில் இது நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை. பாதாள உலகுக்குப் போன கிரேக்கத் தேவதை பெர்செபோனியின் பெயரை இந்த நாட்களுக்குச் சூட்டியிருக்கிறார் கோல்மன். அந்த நாட்கள் தொடங்குவதற்குள் செடி முக்கால் பங்காவது வளர்ந்திருக்க வேண்டும். ஆகவே குளிர்காலத் தோட்டக்காரருக்கு உண்மையான வேலை வியர்வை வழியும் ஆகஸ்டில். டிசம்பரில் விதை வாங்க ஓடுகிறவர் பிப்ரவரிவரை வெறும் மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

காத்திருந்ததற்குப் பலன் ருசியில் தெரியும். குளிர் தாக்கியதும் கேரட் தன்னிடமுள்ள மாவுச்சத்தில் ஒரு பங்கைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. சர்க்கரை கரைந்த நீர் சாதாரண நீரைவிடக் குறைந்த வெப்பநிலையில்தான் உறையும். செடிக்கு அது தற்காப்பு, நமக்குத் தித்திப்பு. பாலக் இலையில் பனிக்கட்டி பெரும்பாலும் செல்களுக்கு வெளியே உருவாவதால், விடியலில் செத்ததுபோல் தொங்கும் இலை வெயில் ஏறியதும் நிமிர்ந்துவிடுகிறது. உறைந்திருக்கும்போதே பறித்தால் குழைந்துபோகும். பத்து மணிவரை பொறுக்க வேண்டும்.

உதகமண்டலத்தில் கதை வேறு. ஆண்டின் மிகக் குறுகிய பகலே அங்கே சுமார் பதினொன்றரை மணி நேரம், வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. மேகமில்லாத, காற்றசையாத இரவில் மண்ணின் சூடு வானத்துக்குத் தப்பிப்போகும்போது விழும் உறைபனிதான் பயம். உருளைக்கிழங்குச் செடி ஒரே இரவில் கருகிவிடும். பக்கத்துப் பாத்தியில் கேரட் எதுவும் நடக்காததுபோல் நிற்கும்.